பன்னிரண்டு ஜிபி காணவில்லை

முதலியார்பேட்டை ஹாஜிரா பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தால், பின்னால் மெக்கானிக் வருகிறாரா என்று இன்னமும் எட்டிப் பார்ப்பார்கள். அவரும் மரியாதைக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பார்.

போன மாதம், தட்டாஞ்சாவடியில் லேபிள் அச்சடிக்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில், எட்டு ஜிபி ரேமுக்குப் பக்கத்தில் இன்னொரு எட்டைப் பொருத்தி, திரையில் பதினாறைக் காட்டிவிட்டு வந்தார். நாலாம் நாள் மேனேஜர் விஜயராகவன் போன் செய்தார்.

"இன்னாம்மா, நாலுதான் காட்டுது. போட்டதையும் எடுத்துக்கினு, இருந்ததுலயும் பாதியக் கொண்டு போயிட்டியா?"

ரேமைப் பாதியாக உடைத்துக் கொண்டுபோகும் வித்தை ஹாஜிராவுக்குத் தெரியாது. ஆனாலும் போனார்.

அதற்குள் ஆபீஸ் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. எல்லோரும் அவருடைய கைப்பையையே பார்த்தார்கள். ஹாஜிராவுக்கு முகம் சுட்டது. கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றினார். ரேம் இரண்டும் இருந்தன. துடைத்து, அழுத்திப் பொருத்தினார். விண்டோஸ் வருவதற்கு முன் பயாஸைத் திறந்தால் பதினாறு. விண்டோஸுக்குள் போனால் நாலு.

"ரேம் நல்லாத்தான் இருக்கு சார். யாரோ செட்டிங்ல அளவு கட்டி வச்சிருக்காங்க."

"அதெல்லாம் இங்க யாருக்கும்மா தெரியும்?"

டிசைன் போடும் சுடர்விழி தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீங்கதான சார் வியாழக்கிழமை வீடியோ பாத்து, ஸ்பீடு ஆக்குறேன்னு உக்காந்தீங்க."

ஹாஜிரா பூட் செட்டிங்கைத் திறந்தார். 'அதிகபட்ச மெமரி' என்ற இடத்தில் டிக், பக்கத்தில் 4096, அதாவது நாலு ஜிபி. வேகத்தைக் கூட்டுவதற்காக, மெமரியில் முக்கால் பங்கை மேனேஜர் பூட்டி வைத்திருந்தார். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்ததும் பதினாறும் வந்தது.

"அதிகபட்சம்னு இருந்துச்சு, நல்லதுதானேன்னு போட்டேன்" என்றார் மேனேஜர். சுற்றி நின்றவர்களுக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது.

ஹாஜிரா சர்வீஸ் சீட்டில் காரணம் எழுதும்போது மேனேஜர் குரலைத் தணித்தார். "டெக்னிக்கல் ஃபால்ட்னு போட்டுடும்மா."

"போடலாம் சார். மொதல்ல எல்லாரையும் கூப்ட்டு, நான் எதையும் எடுத்துட்டுப் போவலன்னு சொல்லுங்க."

சொன்னார். மூன்றாம் தடவைதான் கடைசி வரிசைக்குக் கேட்டது.

ஹாஜிரா பையைத் தோளில் மாட்டியபோது சுடர்விழி கிட்டே வந்தாள். "அக்கா, அந்த செட்டிங்கை சார் கண்ணுல படாம மறைக்க முடியுமா?"

"பாஸ்வேர்டு போட்டுட்டேன்" என்றார் ஹாஜிரா. "உங்கிட்ட மட்டும் சொல்றேன்."