பழப்புளி போட்டு மினுக்கின கோடாலி

சனிக்கிழமை வேலை முடிஞ்சு வீடு இருக்கிற செவ்ரானுக்கு வந்து சேரேக்கை கால் இரண்டும் என்ரை கால் மாதிரியே இல்லை. ரூ காய் எண்ட தமிழ்க் கடைத்தெருவிலை ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியிலை பகல் முழுக்க நிண்டு, பிறகு ரெயினிலையும் நிண்டு வாறவனுக்கு வேறை என்ன மிஞ்சும்? ஆனாலும் மனம் கொஞ்சம் உசாராத்தான் இருந்தது. விடிஞ்சால் ஞாயிறு, லீவு. பகல் வெளிச்சத்திலை என்ரை புதுக் கோடாலியை வாசிக்கலாம்.

ஓம், வாசிக்கிறதுதான். நான் சேர்க்கிறது இரண்டு பக்கமும் வாய் உள்ள சின்னப் பழைய கோடாலியள். அமெரிக்கக் காடுகளிலை மரம் அளக்கப் போனவை கொண்டு திரிஞ்ச சாதி. இஞ்சை ஞாயிற்றுச் சந்தையளிலை எப்பவாவது ஒண்டு கறள் பிடிச்சபடி அம்பிடும். பெரிய கோடாலியை அராவிச் சின்னனாக்கி ஏமாத்துறவையும் இருக்கினம். பிடி போடுற துளையைப் பார்த்தால் குட்டு வெளிச்சிடும்: உடம்பு சின்னன், துளை மட்டும் பெரிசு. செய்தவன்ரை முத்திரை இருந்தால் ஆர், எவடம் எண்டு சொல்லிப்போடலாம். என்னட்டைக் கிடந்த ஒண்டிலும் அது இல்லை. எல்லாம் ஊர் பேர் தெரியாத அனாதையள்.

போன ஞாயிறு வாங்கினதை வெய்யிலுக்குச் சரிச்சுப் பிடிக்க, மங்கலா எழுத்துத் தெரிஞ்சுது. ஆழமா வெட்டின எழுத்தில்லை, அமிலத்தாலை மேலோட்டமா அரிச்சது. அழுத்தித் தேய்ச்சால் போயிடும். வாசிக்க முதல் மழை வந்திட்டுது. வீட்டு லைட்டிலை ஒண்டும் விளங்கேல்லை. வீட்டுக்குள்ளை கோடாலி கூடாது எண்டு மனிசி எப்பவும் சண்டை. அதாலை மற்றதுகளோடை அதையும் கட்டடத்துக்குக் கீழை சாமான் போடுற நிலவறை, காவுக்குள்ளை வைச்சிட்டு ஞாயிறுக்குக் காத்திருந்தன்.

கதவைத் திறக்கச் சாம்பிராணி வாசம். அண்டைக்கு ஆயுத பூசை, மறந்தே போனன். சரஸ்வதி படத்துக்கு முன்னாலை பிள்ளையின்ரை கொம்ப்யூட்டர், நான் வேலைக்குக் கொண்டு போற குசினிக் கத்தியளிலை வீட்டிலை கிடந்த ஒண்டு, பக்கத்திலை, கடவுளே, என்ரை கோடாலி! புதுச் சருவச்சட்டி மாதிரி மினுங்குது. சந்தனம் குங்குமம் வேறை.

"என்னப்பா செய்தனீர்?"

"பழப்புளி போட்டுக் கம்பித்தும்பாலை மினுக்கினன். கை உளைஞ்சு போச்சு," எண்டா மனிசி. முகமெல்லாம் பெருமை.

சந்தனத்தைத் துடைச்சுப் பார்த்தன். எழுத்து இருந்த இடத்திலை வெறும் வெள்ளை இரும்பு.

"விசரே உமக்கு? ஒரு கிழமையாக் காத்திருந்தனான்! கோடாலி ஆகாது எண்டு காவுக்குள்ளை வைக்கப் பண்ணினதும் நீர், இப்ப ஏன் மேலை தூக்கிக்கொண்டு வந்தனீர்?" எண்டு கத்திப்போட்டன்.

அவ மெல்லச் சொன்னா.

"கத்தியை வைச்சிட்டுப் பார்த்தன். அது முதலாளிக்கு உழைக்கிற கத்தியெல்லோ. உங்கடை எண்டு உங்களுக்கு இருக்கிறது இதுதானே. இதைக் கையிலை எடுத்தால்தான் உங்கடை முகத்திலை உயிர் வருது."

எனக்கு அழுகை வந்திட்டுது. போன எழுத்துக்கோ அவ சொன்ன சொல்லுக்கோ, தெரியேல்லை. அந்த உளைஞ்ச காலோடை காவுக்கு இறங்கி மற்ற எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வந்து படத்துக்கு முன்னாலை அடுக்கினன்.

"எல்லாத்துக்கும் பொட்டு வையும்," எண்டன். "பழப்புளியை மட்டும் அலுமாரிக்குள்ளை வையும்."