ஓரெழுத்து ஆறு

சிவநேசன் அண்ணை காலமான செய்தி, ஜெர்மனியின் ஆஹென் நகர பஸ் டிப்போவில் நான் வண்டியை எடுக்க நின்றபோது வந்தது. "தம்பி, அவர் விடிய எங்களை விட்டிட்டுப் போட்டார்," என்றார் அவருடைய மனைவி தொலைபேசியில். முதல் சுற்றை எப்படி ஓட்டி முடித்தேன் என்று தெரியவில்லை.

அவரோடு பஸ் ஓட்டியவர்களுக்கு அவருடைய பொறுமையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. டென்மார்க்கில் நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அங்கே இருந்த அவருடைய தம்பி பக்கவாதத்தால் பேச்சிழந்தார். பார்க்கப் போன அண்ணைக்குத் துணையாக நானும் போனேன். தம்பியின் வாயில் மிஞ்சியிருந்தது 'ஓ' என்ற ஒரே ஒலி. வீட்டார் அதை 'ஓம்', அதாவது ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

"சாப்பிடுறீங்களோ?"

"ஓ."

சோறு வந்தால் தட்டைத் தள்ளிவிடுவார். கட்டிலில் கிடத்தினால் அழுவார். சமாளிக்க ஏலாமல், பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பி மேசையில் வைத்திருந்தார்கள்.

இரண்டு நாள் அண்ணை அந்த 'ஓ'வைக் கேட்டபடி தம்பியின் அருகே இருந்தார். மூன்றாம் நாள் தம்பியின் மகளிடம் கேட்டார்: "பிள்ளை, டேனிஷில 'ஓ' எண்டு ஏதும் சொல் இருக்கோ?"

"ஓம் பெரியப்பா. சின்ன ஆறு. ஒரே ஒரு எழுத்துத்தான்," என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். நோய் வருமுன் அவளுடைய அப்பா தினமும் நடக்கப் போனது, வீட்டுக்குப் பின்னால் ஓடும் சிற்றாற்றின் கரைக்கு.

சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். தண்ணீரைக் கண்டதும் அவர் 'ஓ' என்றார். பிரிந்த ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருந்தது. அன்று மாலையே மகள் விண்ணப்பத்தைக் கிழித்தாள். இன்றும் அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகிறார்கள்.

திரும்பி வந்த அண்ணை நூலகத்தில் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டினார். ஒரு மதியம் டிப்போ உணவறையில் என் எதிரே வந்து இருந்தார்.

"ஜெர்மனுக்கும் டேனிஷுக்கும் பொதுவான தாய்மொழியில தண்ணிக்கு 'அஹ்வோ' எண்டு ஒரு சொல். லத்தீன் 'அக்வா'வுக்குச் சொந்தம். அங்க அது தேய்ஞ்சு தேய்ஞ்சு 'ஓ' ஆச்சு. இஞ்ச 'அஹா' ஆச்சு. அதிலயிருந்துதான் ஆஹென் எண்ட பேர் வந்தது. இருபது வருசமா நான் தம்பியின்ர சொல்லுக்குள்ளதான் பஸ் ஓட்டியிருக்கிறன்!"

தேநீர் ஆறிப்போனதை அவர் கவனிக்கவில்லை. இந்த நகரங்களுக்கெல்லாம் முன்பே பிறந்த ஒரு சொல், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருவரின் நாவில் கடைசியாகத் தங்கியிருந்தது.

"விளங்காட்டி ஓம் எண்டு எடுத்துப்போடாத. திருப்பிக் கேள்," என்பார் அண்ணை.

கடந்த வாரம் என் பஸ்ஸில் ஏறிய ஒரு முதியவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் எஞ்சினை நிறுத்தி, அவர் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அண்ணை எனக்குத் தந்துவிட்டுப் போனது இந்த ஒரு பழக்கம்.