பாலக் காயினும் என் இரண்டு கோடுகளும்

விலை சார்ட் பார்த்துச் சொல்கிற தொழிலில், ஏறினால் வாங்கியவரின் கெட்டிக்காரத்தனம், இறங்கினால் சார்ட் பார்த்தவனின் குற்றம்.

பச்சைக் குச்சியும் சிவப்புக் குச்சியும் பார்த்துக் கண் பழுத்துப்போன என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில் எனக்கு ஒரு அறை. இரண்டு திரை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், காற்றை விடச் சத்தம் அதிகமாகத் தரும் ஒரு ஃபேன். கிரிப்டோ என்கிற டிஜிட்டல் காசு வாங்கியவர்கள் மாதச் சந்தா கட்டுவார்கள், நான் கோடு பார்த்துச் சொல்வேன். வாங்குங்கள், விற்றுவிடுங்கள் என்று மட்டும் வாய் திறக்கமாட்டேன். "இண்டிகேட்டர் இப்படிச் சொல்லுது" என்பேன். அடி வாங்காமல் வீடு போய்ச் சேர அந்த ஒரு வாக்கியம்தான் துணை.

டோல்

என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது ஒரே காயின். பெயர் வேண்டாம், பாலக் காயின் என்று வைத்துக்கொள்வோம். பிளாக்செயின் என்கிற கணக்குப் பேரேடு ஒன்றில் இருப்பது இன்னொன்றுக்குத் தானாகப் போகாது. இதன் கணக்கு அதற்குப் புரியாது. இரண்டுக்கும் நடுவே போக வர வழி செய்து தருகிற நெட்வொர்க்கின் காயின் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

கட்டுமாவடி மீன் வியாபாரி பழனிவேல், ஊரே வாங்குகிறது என்று தானும் வாங்கிவிட்டு, என்ன வாங்கினோம் என்று தெரிந்துகொள்ள என்னிடம் வந்தார். இந்தக் கரை, அந்தக் கரை, நடுவில் பாலம், மேலே லாரி என்று தொண்டை வறள விளக்கினேன். டீயைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: "பாலம்ங்கிறீங்க, சரி. டோல் காசு பாலம் கட்டுனவனுக்குத்தான போகும்? அப்ப நாம என்ன சார் வாங்கிருக்கோம், பாலத்து மேல நிக்கிற எடமா?"

எழுபதுக்கு மேலே

குன்றாண்டார்கோவில் பக்கத்திலிருந்து மலர்க்கொடி வருவார். அவர் கணவர் சின்னையா கத்தாரில் சாரம் கட்டும் வேலை பார்க்கிறார். காயினை வாங்கியதும் அவர்தான், சந்தா கட்டுவதும் அவர்தான். ஆனால் டூட்டியில் போனைத் தொட முடியாது என்பதால், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு மலர்க்கொடி பஸ் ஏறி வந்து கோடு எங்கே நிற்கிறது என்று கேட்டுப்போவார். விலையைக் கேட்கமாட்டார். இந்தக் காயின் இரண்டு மடங்கு ஆனால் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகவும், சொந்த நிலத்தில் போர் போட்டு விவசாயம் பார்ப்பதாகவும் சின்னையா வாக்குக் கொடுத்திருந்தார். மலர்க்கொடிக்கு அந்தக் காயின் என்றால் புருஷன் வருகிற பஸ், அவ்வளவுதான்.

ஆடி மாதம் காயின் ஏற ஆரம்பித்தது. ஆர்.எஸ்.ஐ. என்று ஒரு கோடு உண்டு, விலை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று காட்டும். பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஆடும். எழுபதைத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், ஜாக்கிரதை என்று அர்த்தம். ஆனால் நல்ல ஓட்டத்தில் எழுபதுக்கு மேலேயே நாள் கணக்கில் நிற்கவும் செய்யும். இரண்டும் உண்மை என்பதால் இரண்டையும் சொல்லி, சந்தாக்காரர்கள் எல்லோரும் இருக்கும் என் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். காயின் அப்போது இரண்டு மடங்கைத் தொட்டுவிட்டிருந்தது. சின்னையாவோ இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டு, "செம மொமண்டம், இப்ப எறங்குனா முட்டாள்" என்று வீட்டுக்குச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை மலர்க்கொடி வந்து நின்றார். "நேத்து அனுப்புன வாய்ஸ்ல மொதப் பாதிய மட்டும் அவருக்கு இன்னொரு தடவ அனுப்பி விடுங்க சார்."

பங்காளிகள்

அனுப்பினேன். சின்னையா விற்கவில்லை. அவர் மட்டுமல்ல, குரூப்பில் ஒருவரும் விற்கவில்லை. குரூப்பில் இருக்கும் ஆலங்குடிக் கருப்பையாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். நல்ல லாபம், கோடு சூடேறி நிற்கிறது, பாதியையாவது எடுக்கக்கூடாதா என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் பங்காளிகளும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள். ஆடியில் அந்தப் பக்கம், முன்பு வாங்கின மொய்யை ஏற்றித் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் விருந்து தெருவுக்குத் தெரு நடக்கும். இவர் விற்றது தெரிந்தால் எந்தப் பந்தலிலும் கைச்சுருக்கம் என்று சொல்லித் தப்ப முடியாது. உலகத்து இண்டிகேட்டர்களை எல்லாம் கரைத்துக் குடித்த என்னிடமும் இதற்கு ஒரு கோடு கிடையாது. கருப்பையா சொன்னார்: "காயினா கெடக்குற வரைக்கும் கைய விரிச்சுரலாம். பேங்குக்கு வந்துருச்சுன்னா அது நம்ம காசு இல்லங்க, ஊர்க் காசு."

வெட்டு

எம்.ஏ.சி.டி. என்று இன்னொன்று. அதில் வேகமாக ஓடும் கோடு ஒன்று, மெதுவாக ஓடும் கோடு ஒன்று. வேகக்கோடு மற்றதை வெட்டிக் கீழே இறங்கினால் ஓட்டம் தளர்கிறது என்று கொள்ளலாம். ஒருநாள் வெட்டியது. மறைக்காமல் குரூப்பில் போட்டேன். காசு வாங்கிக்கொண்டு பயமுறுத்துகிறேன் என்றார் ஒருவர். வாயைக் கழுவச் சொன்னார் இன்னொருவர். வேலைப்பளு என்று கருப்பையாவை அட்மினாகப் போட்டிருந்தேன். அவர் என்னை என் குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார்.

உண்மையைச் சொல்லி வெளியே நின்றது அன்றைக்குத்தான். சாயங்காலம் போனில் அழைத்துக் கேட்டேன். கருப்பையா கோபப்படவே இல்லை. "திருப்பிச் சேத்துக்கிறேன் சார். ஆனா ஏறும்போது மட்டும் பேசுங்க."

முப்பதுக்குக் கீழே

காயின் இறங்கியது. ஏறின இடத்தையெல்லாம் தாண்டி, வாங்கின விலைக்கும் கீழே போனது. ஆர்.எஸ்.ஐ. முப்பதுக்குக் கீழே படுத்துவிட்டது. அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள், திரும்பலாம் என்று அர்த்தம். திரும்பாமல் அங்கேயே கிடக்கவும் கிடக்கும். வழக்கம்போல இரண்டையும் சொன்னேன். வழக்கம்போல ஒரு பாதிதான் கத்தாருக்குப் போய்ச் சேர்ந்தது.

சின்னையாவின் கான்ட்ராக்ட் மார்கழியோடு முடிவதாக இருந்தது. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொங்கலுக்கு வந்துவிடுவார் என்று மலர்க்கொடி வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார். சின்னையாவோ, முப்பதுக்குக் கீழே கிடைப்பது மலிவு, சம்பளம் வர வர வாங்கிப் போடலாம் என்று இன்னொரு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார். நஷ்டத்தால் அங்கேயே மாட்டிக்கொண்டார் என்றால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அப்படி இல்லை. ஆசையாகத் தங்கினார், அதுவும் என் கோட்டைக் காட்டித் தங்கினார்.

மலர்க்கொடி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்காரவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன், திட்டவும் இல்லை. திரையைக் காட்டிக் கேட்டார்: "ஏறுனப்ப இன்னும் ஏறட்டும்னு அங்கிட்டே இருந்தாரு. எறங்குனப்ப இன்னும் வாங்கணும்னு அங்கிட்டே இருக்காரு. கோடு எங்கிட்டுப் போனா அவரு இங்கிட்டு வருவாருன்னு மட்டும் சொல்லுங்க சார்."

நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிற நான், இந்தத் தொழிலில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்விக்கு, "நெட் வரலம்மா" என்று சொல்லிவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.