நாலாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டாவது கேம்

ரொனியை நம்பி ஏமாந்தவர்கள் கொட்டாஞ்சேனையில் கொஞ்ச நஞ்சமில்லை. அந்த வரிசையில் முதலாவது ஆள் அவனுடைய தங்கச்சி ரொஷேல்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நத்தார் பண்டிகைக்கு, துறைமுகத்தில் வேலை செய்த அவர்களின் அப்பா ஒஸ்வால்ட் புறக்கோட்டையிலிருந்து ஒரு ரீவி கேம் மெஷின் வாங்கி வந்தார். மேலே உள்ள பிளவில் கசெற்றைச் செருகி, ரீவியில் பூட்டி விளையாடுகிற சாமான். கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கசெற். ஒன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கேம் உள்ளே இருப்பதாக அதன் அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உண்மையில் இருந்தது ஏழோ எட்டோ. மிச்சமெல்லாம் அதே கேமுக்கு வேறு வேறு பெயர்கள். ஏமாற்று வேலைதான், ஆனால் பெயர்ப் பட்டியல் மட்டும் வஞ்சகமில்லாமல் நீண்டு கிடந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் ஒஸ்வால்டும் மனைவி றோஸியும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நவநாள் செபத்துக்குப் போவார்கள். "தங்கச்சியைப் பாத்துக்கொள், ரீவியைத் தொடக்கூடாது" என்று ரொனிக்குக் கட்டளை. ரொனிக்குப் பதின்மூன்று வயது. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் கிரிக்கெட் தொடங்கியிருக்கும். ஏழு வயதுத் தங்கச்சியோ, தானும் துடுப்புப் பிடிக்க வேண்டும் என்று காற்சட்டையைப் பிடித்துத் தொங்குவாள். பொம்பிளைப் பிள்ளைகளை ஒழுங்கைப் பொடியன்கள் சேர்க்கமாட்டார்கள். ரொனியின் மூளை இப்படியான நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

"உன்ட பேர்ல ஒரு கேம் இருக்கு, தெரியுமா? பொம்பிளைப் பிள்ளை விளையாடுற கேம்."

"எங்க?"

கொடியில் அப்பா வேலைக்குப் போடுகிற ஓவரோல் காய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் அவருடைய துறைமுக இலக்கம். ரொனி அதைப் பார்த்து வாசித்தான்.

"நாலாயிரத்து எழுநூத்திப் பதினெட்டில. கீழ் பட்டனை அமத்திக்கொண்டே இரு. வரும்."

ரொஷேல் அமர்த்திக்கொண்டே இருந்தாள். பெருவிரல் சிவந்து, பிறகு மரத்துப்போகும். ஆயிரத்தைக் கடக்கும்போதோ இரண்டாயிரத்தைக் கடக்கும்போதோ ரொனி வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்து எல்லாவற்றையும் அணைத்துவிடுவான். வீட்டுக்கு வந்ததும் றோஸி செய்கிற முதல் வேலை, குடையைக்கூட வைக்காமல், ரீவியின் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது. அதனால் ரொனி அப்பியாசக் கொப்பியால் ரீவிக்கு விசிறிக்கொண்டு நிற்பான். அடுத்த செவ்வாய் ரொஷேல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். மெஷினுக்கு எதையும் நினைவு வைக்கத் தெரியாது. ஒரு வருடம் முழுக்க அவள் நம்பினாள். அந்த ஒரு வருடமும் தனக்கென்று ஒரு கேம் அங்கே காத்திருக்கிற சந்தோஷத்தில் அவள் இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒஸ்வால்ட் இல்லை. ரொஷேல் நாற்பதைத் தாண்டிவிட்டாள். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தின் கம்பியூட்டர் பகுதியில் வேலை, அதே வீட்டில் றோஸியுடன் வாழ்க்கை. ரொனி கல்யாணம் முடித்துத் தெஹிவளைக்குப் போய்விட்டான். சுங்கத்தில் சாமான் விடுவிக்கிற வேலை. அம்மாவைப் பார்க்க வருவான், ஆனால் சப்பாத்தைக் கழற்றமாட்டான். வாசலில் நின்றபடியே, காதில் போனோடு, நாலு கதை கதைத்துவிட்டுப் போய்விடுவான். அப்படி வாசலில் நின்ற ஒரு நாளில்தான், மெல்பேணுக்கு விசா வந்துவிட்டது, குடும்பமாகப் போகிறோம், இனி அங்கேதான் என்றான்.

"நல்லது, இங்க வாசல் கொஞ்சம் காலியாகும்" என்றாள் ரொஷேல்.

அழவேண்டிய இடத்தில் நக்கலடிக்கிற குடும்பம் அது. போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லியும் பயனில்லை, அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். போவதற்கு முன் அவன் ஒருமுறையாவது அவளுக்குப் பக்கத்தில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, எழும்பிப் போகாமல் இருக்க வேண்டும்.

அலுமாரிக்கு மேலிருந்து மெஷினை இறக்கினாள். கடையில் செத்துப்போன இந்த மெஷின்களுக்கு உலகத்தில் இன்னும் புதிய கேம் எழுதுகிற பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு வருடமாக அவளும் அதில் ஒரு அரைப் பைத்தியம். அதற்கென்றே வெற்றுக் கசெற் விற்கிறார்கள். கம்பியூட்டரில் எழுதியதை அதில் ஏற்றி, மெஷினில் செருகிப் பார்த்து, பிழை வந்தால் அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றலாம். ஞாயிறு பூசைக்குப் பிறகு குந்திக் குந்தி அவள் எழுதிய கேமில் ஒரு ஒழுங்கை, ஒரு துடுப்பு, பாவாடை கட்டிய ஒரு சிறுமி. அவள் அடிக்க அடிக்க, வாய்க்காலில் விழுகிற பந்தைப் பொறுக்க ஓடுகிற உயரமான பொடியன் ஒருவன். அவனுக்கு ரொனியின் சுருட்டை முடியை வைத்திருந்தாள்.

ஆசைப்பட்டு வரவழைத்த கசெற் முதலில் காலை வாரிவிட்டது. இணையத்தில் எல்லாரும் கதைப்பது அமெரிக்காவில் விற்ற மெஷினைப் பற்றி. அதன் கசெற் அகலம். புறக்கோட்டையில் வாங்கியதோ ஜப்பான் மெஷினைப் பார்த்துச் செய்த கொப்பி, வாய் சின்னது. அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தும் அவசரத்தில் அகலமானதை வாங்கிவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டு இரண்டாவதை வரவழைத்தாள். அது வந்து சேர்ந்தபோது ரொனியின் வீட்டில் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தார்கள்.

செருகிப் பார்த்தாள். லப்டொப்பில் துள்ளி ஓடிய கேம் பழைய மெஷினில் சோம்பல் முறித்துக்கொண்டு நடந்தது, பாட்டும் இழுபட்டது. அந்த மெஷினின் வேகமே அவ்வளவுதான். சின்ன வயதில் கேட்ட பாட்டெல்லாம் இந்த இழுவையில்தான் கேட்டது என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. திருத்தாமல் விட்டாள்.

கேமை முதலாம் இலக்கத்தில் வைத்திருக்கலாம். அவள் ஒரு நீண்ட பட்டியல் எழுதி, நாலாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டில் வைத்தாள். பொத்தானை அமர்த்திப் பிடித்தால் ஒரு செக்கனுக்கு ஓர் இலக்கம் இறங்கும்படி செய்தாள். பழைய மெஷினில் அது இன்னும் மெதுவாக இறங்கியது. போய்ச் சேர ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும். சரியாக இருந்தது.

புறப்படுகிற நாளன்று ரொனியும் மனைவி பிறிஜெற்றும் பிள்ளைகளும் பகல் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பின்னேரம் வேன் அங்கேயே வந்து ஏற்றும் என்று ஏற்பாடு. மஞ்சள் சோறும் கோழிக்கறியும் முடிந்ததும் ரொஷேல், அந்தோனியார் சிலை நிற்கிற பழைய பெட்டி ரீவியைப் போட்டாள்.

"இதென்ன, எங்கட அந்தக் கசெற்றா?"

"இல்ல. நான் செய்தது. நாலாயிரத்து எழுநூத்திப் பதினெட்டுக்குப் போ, ஒரு கேம் இருக்கு."

ரொனி அவளைப் பார்த்தான். ஞாபகம் வர ஒரு கணம்தான் எடுத்தது.

"ஐயோ, அது நான் சும்மா விட்ட கதையடி!"

"தெரியும். கீழ் பட்டனை அமத்து."

சிரித்துக்கொண்டு, நின்றபடியே அமர்த்தினான். நூறு வருவதற்குள் கதிரை தேடினான். இருநூற்றில் "ஏன் இவ்வளவு ஸ்லோ?" என்றான். போன் அடித்தது. எடுக்க விரலை எடுக்க வேண்டும், இலக்கம் நின்றுவிடும். அடிக்கட்டும் என்று விட்டான். ஐந்நூறில் சப்பாத்தைக் கழற்றி, கால் நீட்டித் தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பிறகு கதை தானாக வந்தது. அப்பாவின் ஓவரோல், அதைக் கழுவும்போது வருகிற எண்ணெய் மணம், கோயில் பெருநாளில் ரொனி தொலைத்த புதுச் செருப்பு. விரல் நோக, ரொஷேல் வாங்கி அமர்த்தினாள். அவளுக்கு நோக, அவன் வாங்கினான். இரண்டாயிரத்தைத் தாண்டும்போது ரொனி திடீரென்று கேட்டான்.

"நீதானே செய்தது. இதை முதலாவதா வச்சிருக்கலாமே?"

"வச்சிருக்கலாம்."

ரொனிக்கு விளங்கிவிட்டது. கண்ணை ரீவியிலிருந்து எடுக்காமல், வேறு வேலையே இல்லாதவன் போல அமர்த்திக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரொஷேலும் ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அந்தச் செவ்வாய்ப் பின்னேரங்களுக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

மூவாயிரத்துச் சொச்சத்தில் வேன் வந்து ஹோர்ன் அடித்தது.

"ரொனி, வேன் வந்திட்டுது" என்றாள் பிறிஜெற் வாசலிலிருந்து. ஒருமுறைதான் கூப்பிட்டாள், பிறகு பிள்ளைகளை ஏற்றப் போய்விட்டாள்.

ரொனி விரலை எடுத்தான். இலக்கம் நின்றது.

"உண்மையா இருக்கா அங்க?"

"இருக்கு."

"எனக்குத் தாவன். அங்க போய்ப் பாக்கிறன்."

அகலமான கசெற் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. அதில் கேமை ஏற்றிக் கொடுத்தால், அங்கே அகல வாய் உள்ள ஒரு பழைய மெஷினைத் தேடிப் பிடித்து அவன் பார்த்துவிடுவான். ரொஷேல் லாச்சியைத் திறக்கவில்லை.

"வந்து பார்" என்றாள்.

ரொனி றோஸிக்கு முன்னால் முழந்தாளிட்டான். அவர் அவன் நெற்றியில் சிலுவை போட்டார். எழும்பி வந்தவன் தங்கச்சியின் தலையில் பழைய மாதிரி ஒரு குட்டு வைத்தான்.

"அதை ஓஃப் பண்ணாத. பண்ணினா திரும்ப ஒண்டில இருந்துதானே."

"கறண்ட் பில்லை ஆர் கட்டுறது?"

"நான் கட்டுறன், அப்படியே இருக்கட்டும்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வேனில் ஏறினான்.

அடுத்த செவ்வாய் றோஸி நவநாள் முடிந்து வந்தார். குடையோடு நேரே போய் ரீவியின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். திரையில் அந்த மூவாயிரத்துச் சொச்சம் அப்படியே நின்றது. இரவில் ரீவியை மட்டும்தான் ரொஷேல் அணைப்பாள், மெஷினில் கை வைப்பதில்லை. இன்று அம்மா ஏசப்போகிறார் என்று நினைத்து, அணைக்க எழும்பினாள்.

"இருக்கட்டும் பிள்ள" என்றார் றோஸி. "அந்த நாளையிலயும் ஒவ்வொரு செவ்வாயும் சூடாத்தான் இருந்தது. எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்க ரெண்டு பேரும்?"

கையை அவர் உடனே எடுக்கவில்லை. ரொஷேல் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றாள்.