இழுத்தால் சிவக்கும்

இன்று குளச்சல் பேருந்தில் சூசையை அடித்தேன். மூன்றாம் வகுப்பில் என்னோடு படித்தவன்.

பேத்தி ஜெனி கல்லூரியில் லேசர் ஆராய்ச்சி செய்கிறாள். ரப்பர் போல வளையும் மெல்லிய தாளிலிருந்து லேசர் வருமாம். தாளை இழுத்தால் பச்சை ஒளி சிவப்பாகுமாம். என்னோடு பேருந்தில் வந்தவள், நாளை செய்து காட்ட வேண்டிய தாளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். செய்து காட்டும்வரை அதில் வெயில் படக்கூடாது, பட்டால் பாழாகிவிடுமாம்.

பக்கத்தில் இருந்த சூசை, "என்னத்தட்டி பொதிஞ்சு வச்சிருக்க?" என்று பிடுங்கிப் பிரித்துவிட்டான். ஜன்னல் வெயில் தாளில் விழுந்தது.

"ஆறு மாச வேலை போச்சு பாட்டி!" ஜெனி அழுதாள்.

"ஒரு பேப்பருக்கா இந்த அழுகை?" அவன் சிரித்தான்.

என் சிலேட்டைப் பிடுங்கிக் கல்லில் அடித்து உடைத்தபோதும் இப்படித்தான் சிரித்தான். வேறு சிலேட்டு வாங்க வீட்டில் வழியில்லை. என் படிப்பு அன்றோடு நின்றது.

குடைக்காம்பால் முதுகில் நாலு போட்டேன். பிறகு காதைப் பிடித்து இழுத்தேன்.

"விடுட்டி, காது பிஞ்சிரும்!"

"பியட்டும்லே! சிலேட்டுக்கும் சேத்துதான்."

நடத்துனர் வந்து பிரித்துவிட்டபோது என் நகத்தில் ரத்தம் இருந்தது.

ஜெனியின் தாள் பாழானது பாழானதுதான். ஆனால் சூசையின் காது இழுக்க இழுக்கச் சிவந்ததை வண்டியே பார்த்தது. இப்போது நீலமாகிவிட்டதாம். நாளை கல்லூரிக்கு அவனையே கூட்டிப் போகட்டுமா, சொல்லுங்கள்.