நூறு வரை சொல்லாத கவிதா

இப்போதும் அந்தக் கத்தல் என் காதில் இருக்கிறது. ஒன், டூ, த்ரீ என்று ஆரம்பித்து ஹன்ட்ரட் வரைக்கும் எல்.கே.ஜி. பிள்ளைகள் அத்தனை பேரும் தொண்டை கிழியக் கத்துவார்கள்... ஷீட் கூரையே அதிரும்.

மைசூர் விஜயநகரில் ஒரு சின்ன தனியார் பள்ளி. எனக்கு முதல் வேலை. அசிஸ்டென்ட் டீச்சர்.

கவிதா மட்டும் கத்த மாட்டாள். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளியிலிருந்து வந்த குடும்பம். அப்பா மேஸ்திரி. வீட்டில் தமிழ்தான்.

மதியம் ஸ்பூன் கொடுக்கிற வேலையை அவளாகவே எடுத்துக்கொள்வாள். பெஞ்சை ஒரு பார்வை பார்ப்பாள். போய், சரியாக அத்தனை ஸ்பூன் கொண்டு வருவாள். ஒருவன் கை கழுவப் போயிருந்தால் அவனுக்கும் சேர்த்து!

நாலு வயசுப் பிள்ளைக்கு எண் புரிந்திருக்கிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பிரின்சிபால் மேடம் அவளைக் கேட்டார். "தர்ட்டி நைனுக்கு அப்புறம் என்ன?"

கவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க பொண்ணு ஸ்வல்ப ஸ்லோம்மா. இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலேயே இருக்கட்டும்."

அவள் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங் மேடம், ஊட்ல நல்லாத்தானுங்க எண்ணுது..."

எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகள் அடுக்கி விளையாடும் மரக்கட்டைகள் இருந்த பிளாக் டப்பாவை மேசையில் கொட்டினேன். நூறு வரை பிசகாமல் சொல்கிற ஒரு பையனைக் கூப்பிட்டு, "செவன் பிளாக் குடுப்பா" என்றேன். அவன் எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான்... நிறுத்தவே இல்லை. அவன் மேல் தப்பே கிடையாது. அவனுக்கு அது ஒரு பாட்டு, அவ்வளவுதான்.

கவிதாவிடம் தமிழில் கேட்டேன். ஏழு எடுத்து வைத்தாள்.

"இன்னும் ரெண்டு வெச்சா?"

"ஒம்போது." பிளாக்கைத் தொடக்கூட இல்லை.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "பேரன்ட்ஸ் கேக்கறது ஹன்ட்ரட் வரைக்கும்! உன் பிளாக் யாருக்கு வேணும்?"

கவிதாவின் அம்மா எழுந்தார். பிள்ளையின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "வரேனுங் டீச்சர்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கவிதா வரவில்லை. அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

அந்த வருஷத்தோடு நானும் வேலையை விட்டேன். கோபம் மட்டும் என்னை விடவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் தன் மூன்று வயது மகனை நிறுத்தி வைத்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். கடகடவென்று நூறு வரை சொன்னான். "பாத்தீங்களா ஆன்ட்டி!" என்று பூரித்துப் போனாள்.

பக்கத்தில் அவன் டிபன் தட்டு. "கண்ணா, தட்டுல எத்தனை இட்லி இருக்கு?" என்று கேட்டேன்.

குழந்தை தட்டைப் பார்க்கவில்லை. பயந்துபோய் அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"அதெல்லாம் கேக்காதீங்க ஆன்ட்டி... வீடியோ ஓடிட்டிருக்கு."

அன்றைக்குச் சண்டை போட எனக்கு எதிரே ஒரு மேடமாவது இருந்தார். இவள் நல்ல பெண். பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவள். இவளிடம் எப்படிக் கத்துவது?

வீட்டுக்கு வந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே எடுத்துப் போட்டு மறுபடியும் தேய்த்தேன்.