கல்பாசிக் காலுறை

ஹாரிஸ் தீவில் மார்சலியைப் போல நூல் நூற்றவர்கள் பலர் இருந்தார்கள். அவளைப் போல வம்புக்கு நின்றவர்கள் இல்லை. பெரிய உடம்பு, சிவந்த கைகள், பாதி நாள் முதுகுவலி. வலிக்கிறதென்று அவள் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் ராட்டையின் முன்தான்.

மழை விட்டதும் தேய்ந்த கரண்டியோடு பாறைகளுக்குப் போவாள். ஈரத்தில் கல்பாசி எளிதாக உரியும். வாசலுக்கு வெளியே இரும்பு அண்டாவில் பாசி ஒரு அடுக்கு, கம்பளி ஒரு அடுக்கு என்று போட்டு, வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளின் தீயில் பொழுது சாயும்வரை கொதிக்கவிடுவாள். கம்பளி துருவின் செம்பழுப்பில் வெளியே வரும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அந்த நிறத்தை நிலத்தில் யாரும் உடுத்தலாம். கடலில் ஆகாது. பாறையில் பிறந்தது பாறையைத் தேடும், போட்டிருப்பவனையும் கடலடிக்கு இழுத்துப் போகும் என்பது மீனவர்களின் நம்பிக்கை. மார்சலியின் கணவன் தொர்மோட் மூழ்கி இறந்தபோது, அவளுடைய அண்டாதான் காரணமென்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அன்றிலிருந்து அவள் செம்பழுப்பைத் தவிர வேறு நிறக் காலுறை போடவில்லை. தேவாலயத்துக்கும் அதுதான்.

ஆடு கத்தரிக்கும் நாள் வந்தது. ஆடுகள் எதிரே இருந்த குட்டித்தீவில் கோடை மேய்ச்சலில் இருந்தன. கம்பளி தளர்ந்து தானே உதிரும் பருவம். இப்போது விட்டால் காற்று கொண்டுபோய்விடும். குளிர்காலம் முழுக்க ராட்டை சும்மா நிற்கும், அவள் வயிறும் சும்மா கிடக்கும். படகு கொழுந்தன் ருவாரியுடையது.

"அண்ணி, அந்தக் காலுறையைக் கழட்டிட்டு ஏறுங்க."

"மாட்டேன்."

"அப்ப கரையிலேயே இருங்க. உங்க ஆட்டையும் நானே கத்தரிச்சுக் கொண்டாரேன்."

"போன வருஷம் நீ கத்தரிச்ச லட்சணத்தைத்தான் பாத்தேனே. ஆட்டுக்குத் தழும்பு, எனக்குத் துண்டு துணுக்கு."

கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெகி மட்டும் சிரிக்கவில்லை. "புருஷனை முழுங்கின சாயம். இன்னும் கொழுப்பு அடங்கல பாரு!"

மார்சலி கூடையைக் கீழே வைத்தாள்.

"பெகி, அவனைக் கரையில கொண்டாந்து போட்டப்ப குளிப்பாட்டினது நீயா? நான். பூட்ஸை அறுத்துத்தான் எடுத்தேன், அவ்வளவு தண்ணி. உள்ள இருந்தது வெள்ளைக் காலுறை. சாயமே படாத கம்பளி. உங்க பேச்சுக்குப் பயந்து, கடலுக்குன்னே தனியா நூத்துப் பின்னினது."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

"பயந்ததுக்குக் கிடைச்சது அதான். இனிமே பயப்பட மாட்டேன்."

கவிழ்த்துப் போட்டிருந்த தொர்மோட்டின் சின்னப் படகைத் தனியாகப் புரட்டினாள். முதுகு சுரீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் தள்ளி, ஏறித் துடுப்பை எடுத்தாள்.

"அண்ணி! இந்த நீரோட்டத்துல தனியாவா? நீங்க முழுகினா அண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?"

"முழுகினா அவனைப் பாக்கப் போறது நான். பதிலை நானே சொல்லிக்கிறேன்."

ருவாரி திட்டிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து படகில் தொற்றினான். ஒரு துடுப்பைப் பிடுங்கிக்கொண்டான். போகும் வழியெல்லாம் வானத்தைத்தான் பார்த்தான்; அவள் கால் பக்கம் திரும்பவில்லை.

சாயங்காலம் படகு விளிம்புவரை கம்பளியோடு திரும்பியது. மார்சலி குவியலின் மேல் கரைக்குத் தெரியும்படி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெகி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

ருவாரி குதித்துக் கயிற்றை இழுத்தான். "காத்து நல்லா இருந்துச்சு. அதான் தப்பிச்சோம்."

"ஆமா. உங்கண்ணன் போன அன்னிக்குக் காத்து நல்லா இல்ல. அதான்."

அவன் கயிற்றைக் கட்டினான். பிறகு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றி, அவள் வீட்டுப் பக்கம் நடந்தான்.

மறுநாள் மழை. விட்டதும் மார்சலி கரண்டியை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனாள்.